இளநீர் ஏறும் சக்கரம்

பொள்ளாச்சி ரோட்டில் இரண்டு பக்கமும் இளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டுப் போகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைப் பார்த்தால் எல்லோர் கண்ணும் குலைமேல் போகும். என் கண் சக்கரத்தின்மேல்தான்.

ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ். 50-ன் வம்சம் இது. இரண்டு பேர் போவதற்கென்று வந்த மொபெட்டைச் சுமைவண்டி ஆக்கியது பால்காரர்களும் காய்கறிக்காரர்களும்தான். சாதாரண சைக்கிள் டயர் ஒன்றரை அங்குல அகலம், எக்ஸ்.எல். 100-க்கு இரண்டரை. ரிம் 16 அங்குலம்தான். சக்கரம் சிறுத்தால் போக்ஸ் கம்பி குட்டையாகும், குட்டைக் கம்பி லேசில் கோணாது. டயர் ஓரத்தில் 41எல் என்றிருக்கும். அந்த 41-க்கு, ஒரு டயர் 145 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். நம்மாட்கள் அதைப் படித்துவிட்டா மூட்டை ஏற்றுகிறார்கள்!

குழியில் விழுந்து ரிம் கோணினால் பெண்டு எடுப்பதைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் ஓரமாகச் சாக்பீஸை அசையாமல் பிடிப்பார் மெக்கானிக். கோடு விழுந்த இடத்தில் அந்தப் பக்கக் கம்பியின் நிப்பிளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை முடுக்குவார். அரைத் திருகு, கால் திருகு. கோடு விழுவது நிற்கும்வரை விடமாட்டார்.

இன்னும் அகல டயர் கேட்டால் சிரிப்பார். மட்கார்டில் உரசும், வண்டியும் இழுக்காது. "பாரமெல்லாம் பின்னாடிதானுங்க. பின்சக்கரத்துக்கு மட்டும் தடிக்கம்பி போட்டுக்குங்க."