சிலாஜித் தின்றால் தூக்கம் கூடுமா? ஒரு ஸ்மார்ட் பேண்ட் சோதனை

மலைப்பாறை இடுக்கில் கசியும் கறுப்புப் பிசின் ஒன்று, இன்று மதுரையில் ஜிம் வாசலிலும் மெடிக்கல் ஷாப்பிலும் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. டப்பாவில் சிலாஜித் என்று இருக்கும். சித்த மருத்துவம் படித்தவர்கள் கன்மதம் என்பார்கள். இயற்கைத் தாதுச் சத்து, பகல் முழுக்க தெம்பு, ராத்திரி ஆழ்ந்த தூக்கம் என்று விளம்பரம் மூன்று வாக்குறுதி தருகிறது. இந்த மூன்றாவதை அளந்து காட்டுவதாகச் சொல்லும் ஸ்மார்ட் பேண்ட், டவுன்ஹால் ரோட்டில் 2,000 ரூபாய்ப் பக்கத்திலேயே கிடைக்கிறது. இரண்டையும் வாங்கி ஒன்றை வைத்து மற்றதைச் சோதிப்பதுதான் திட்டம். மோட்டார், மைலேஜ் என்று எழுதும் பத்தியில் பிசினுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் எரிபொருள் என்றுதான் விற்கிறார்கள்.

முதலில் பிசின். தார் போல இருக்கிறது; வாடை கோமியத்துக்கும் கரிக்கும் நடுவில். சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் உருகி ஒழுகும், ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும். ‘பட்டாணி அளவு’ எடுக்கச் சொல்கிறது லேபிள். யார் வீட்டுப் பட்டாணி என்று சொல்லவில்லை. கூட வரும் குட்டிக் கரண்டியில் ஒரு நாள் ஒட்டுவது மறுநாள் ஒட்டுவதில்லை. நகைத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பாக்கெட் தராசு இல்லாமல் அரை கிராமைச் சரியாக எடுக்க முடியாது. கேப்சூல் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

இமயத்திலும் மத்திய ஆசியாவின் அல்தாய் மலையிலும் கிடைக்கும் இது, சுத்தமான தாதுப்பொருள்கூட இல்லை. செடிகொடிகள் நெடுங்காலம் பாறைக்கிடையே மக்கி உருவான கரிமக் கலவை. ஃபுல்விக் அமிலம் முதலான மக்குப் பொருள்கள்தான் அதில் பெரும்பங்கு. ‘80க்கும் மேற்பட்ட தாதுக்கள்’ என்ற வரியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளை அளவே அரை கிராம், அதாவது 500 மில்லிகிராம். அது முழுக்கத் தாது என்றே வைத்துக்கொண்டாலும், 80 பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு 6 மில்லிகிராம். தூக்கத்தோடு சேர்த்து அதிகம் பேசப்படும் தாது மெக்னீசியம். பெரியவர்களுக்கு அது ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை வேண்டும். ஒரு கைப்பிடி நிலக்கடலையிலேயே சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது. தாதுச் சத்துக்காகவே வாங்குகிறவர் சிலாஜித்தை விட்டுவிட்டுக் கடலை வண்டியைத் தேடலாம்.

சரி, ஃபுல்விக் அமிலமும் மற்றதும் ஏதாவது செய்யுமே என்றால், மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சில உண்டு. 45 முதல் 55 வயது ஆண்களுக்கு தினம் இரு வேளை 250 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்த்தார்கள். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு, 8 வாரம் கொடுத்து, களைத்த தசை எவ்வளவு பலம் இழக்கிறது என்று அளந்தது. இரண்டுமே தூக்கத்தை அளக்க நடந்தவை அல்ல. டப்பாவின் மூன்றாவது வாக்குறுதி, முதலிரண்டின் தோளில் தொற்றிக்கொண்டு வந்தது.

இப்போது பேண்ட். இதன் பிராண்டைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் இந்த விலையில் வருபவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. பச்சை விளக்கு தோலுக்கடியில் ரத்த ஓட்டத்தைப் பார்த்து நாடித்துடிப்பை எடுக்கும். அசைவு சென்சார் கை ஆடுகிறதா என்று பார்க்கும். இந்த இரண்டிலிருந்து ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஆப் வண்ணக் கோடு போட்டுவிடும். ஆனால் அந்த நிலைகள் மூளையில் நடப்பவை. பாலத்து மேலே நின்று ஹாரன் சத்தத்தை வைத்துக் கீழே போவது எந்த வண்டி என்று சொல்கிற வேலைதான் இது. பல நேரம் சரியாக இருக்கும், ஆனால் பந்தயம் கட்டக் கூடாது. தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி, கண்ணசைவும் மூச்சும் பதிந்து, 30 விநாடிக்கு ஒரு துண்டாகப் பிரித்துப் படிப்பார்கள். அந்தப் பதிவையே பயிற்சி பெற்ற இருவர் படித்தால் 80 சதவீதத்தை ஒட்டித்தான் ஒத்துப்போகிறார்கள். கைப்பட்டை எந்த மூலை?

அது நன்றாகச் செய்வது வேறு. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம், மொத்தம் எத்தனை மணி நேரம், ஓய்வில் நாடி எவ்வளவு என்ற நான்கையும் நம்பலாம். மொத்த நேரத்திலும் ஒரு ஓட்டை உண்டு: அசையாமல் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். வியர்வையில் பட்டை நழுவினால் நாடிக் கோடு அறுந்துபோகிறது. மொட்டை மாடியில் படுத்துக் கொசு அடித்தால் ‘விழிப்பு’ என்று பதிகிறது. இதில் பேண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஓடிவிட்டு மதியம் தூங்குகிறவருக்கு இது அவ்வளவாக உதவாது. பகல் தூக்கத்தைப் பல பேண்டுகள் ‘குட்டித் தூக்கம்’ என்று தனியே ஒதுக்கிவிடுகின்றன.

சோதனை எப்படி? காலையில் வெந்நீரில் கரைத்துச் சில வாரம், ராத்திரி பாலில் சில வாரம், நடுவில் ஒன்றுமே இல்லாமல் சில வாரம். காலையில் எடுத்தபோது தூக்க நேரத்தில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. ராத்திரி எடுத்த வாரங்களில் கண் அசரக் கொஞ்சம் தாமதமானது போல இருந்தது. ஆனால் அதே வாரங்களில் வெக்கையும் கூடியிருந்தது. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். மின்விசிறி அனல் காற்றை அள்ளிப் போடும் அறையில் அது எங்கே இறங்கும்? ‘ஆழ்ந்த தூக்கம்’ கோடு மட்டும் எந்தக் காரணமும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, சிலாஜித் இல்லாத வாரங்களிலும்.

தெளிவாகத் தெரிந்தது வேறொன்று. பத்து மணிக்கு மேல் ஒரு டீ குடித்த இரவுகளை நாடிக் கோட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். காபியும் டீயும் தரும் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். பரோட்டா, சால்னா, அப்புறம் ஒரு ஜிகர்தண்டா என்று பதினொரு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தாலும் அப்படித்தான்: நள்ளிரவு தாண்டியும் நாடி இறங்க மறுக்கிறது. இந்த ஊரின் ராத்திரிச் சாப்பாட்டு ருசியை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பேண்ட் சொல்வதை மறைக்கவும் முடியாது. ‘எனர்ஜி’ என்று விற்கும் சில சிலாஜித் கலவைகளில் அஸ்வகந்தாவும் கஃபீனும் சேர்ந்தே வருகின்றன. அப்படிப்பட்டதைச் சாப்பிட்டுத் தூக்கம் மாறினால், மாற்றியது எது என்று பிரிக்க வழியே இல்லை. பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

காலையில் ஆப்பைத் திறந்து ஸ்கோரைப் பார்ப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘நீ நேற்று நன்றாகத் தூங்கினாய்’ என்று சும்மா சொன்னாலே மூளைத் தேர்வில் மேலாகச் செய்கிறார்கள், மோசமாகத் தூங்கியதாகச் சொன்னால் சறுக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோ கல்லூரி ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது. ஆகவே உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் நோட்டில் எழுதுங்கள், பிறகு ஆப்பைத் திறங்கள். சிலாஜித்தைச் சோதிக்க நினைப்பவர்கள் கேப்சூல் வாங்கி, எந்த நாள் நிஜக் கேப்சூல், எந்த நாள் வெற்றுக் கேப்சூல் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் தரும் வேலையை வீட்டில் வேறொருவர் கையில் ஒப்படைக்கலாம். மதுரையில் இதற்குச் சம்மதிக்கும் அத்தை, மதினிக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

சிலாஜித் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது தூக்கத்தைவிட, அதில் கலந்திருக்கக்கூடிய ஈயம் போன்ற கன உலோகங்களைப் பற்றி. தீயில் காட்டினால் பொங்குகிறதா, வெந்நீரில் கசடில்லாமல் கரைகிறதா என்று ரீல்ஸில் காட்டும் ‘சுத்தச் சோதனை’ எதிலும் கன உலோகம் தெரியாது. ஆயுர்வேத மருந்துகளுக்கு நம் நாட்டில் வைத்துள்ள உச்சவரம்பு: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் கன உலோகம் இருந்ததாக 2004இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த நான்கு எண்களுக்கும் பேட்ச் வாரியாக ஆய்வக அறிக்கை காட்டாத டப்பாவைத் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

தீர்ப்பு இதுதான். பேண்டை வாங்கலாம், படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்த அது போதும். ஆழ்ந்த தூக்க சதவீதத்தை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். சிலாஜித்தைத் தூக்கத்துக்காக வாங்க வேண்டாம். வேறு காரணத்துக்காக எடுப்பவர்கள் காலையில் எடுங்கள். பகலில் அசதி தீரவில்லை என்று இதைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அது தூக்க மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அசதிக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம்: நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஹீமோகுளோபின் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.