7-ஐ அழுத்தினால் பரவல்

இங்கிலாந்தில் ஏ-லெவல் கணிதம் எழுதப்போகும் பிள்ளைக்குக் கால்குலேட்டர் வாங்கும்போது, விலை குறைந்ததை நோக்கித்தான் கை போகும். கேசியோவின் எஃப்எக்ஸ்-83 வகையும் நல்லதுதான். சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் போடும். ஆனால் 2017-இல் வந்த பாடத்திட்டம், பரவல்களின் நிகழ்தகவையும் கால்குலேட்டரிலேயே எடுக்கச் சொல்கிறது; அது இந்த வகையில் முடியாது.

அதே கேசியோவின் எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் மனதைக் கவர்வது அங்கேதான். மெனுவில் 7-ஐ அழுத்தினால் ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலை என்று பரவல்கள் வரிசைகட்டும். அட்டவணையில் விரல் வைத்துத் தேடிய இயல்நிலைப் பரப்பு, இரண்டு எல்லைகளையும் சிக்மாவையும் மியூவையும் கொடுத்ததும் வந்து விழுகிறது. எனக்குப் பிடித்தது, அது செய்யாமல் விடும் வேலை. ஈருறுப்புப் பரவலில் 'குறைந்தது 8' என்று கேள்வி வந்தால், 7 வரை கூட்டித் தரும். 1-இலிருந்து கழிப்பது நம் பொறுப்பு. முழுத்தொகுதிக்கு ஒரு திட்டவிலக்கம், மாதிரிக்கு ஒன்று என இரண்டையும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எது வேண்டுமென்று அதற்கென்ன கவலை!

இதற்கு அடுத்து வந்த எஃப்எக்ஸ்-991சிடபிள்யூவில் பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. எனக்கு இஎக்ஸ்தான் உசத்தி. எதை வாங்கினாலும் தேர்வுக்கு முந்தைய நாள் வாங்காதீர்கள். நிகழ்வெண் நிரலை எங்கே திறப்பது என்று விரலுக்குப் பழக வேண்டும்.