பாலையாய்த் திரிந்த நிலம்: மலேசியத் தமிழ்ப் புனைகதையில் தோட்டம், நகரம், புறநகர்

முன்னுரை

நகர வாழ்வு சிறந்ததா, நாட்டுப்புற வாழ்வு சிறந்ததா என்னும் வினா நம் தமிழ்ப்பள்ளிகளின் கட்டுரை ஏடுகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் நெடுங்காலமாக வழங்கிவருவது. வினா பழையது, அதற்கு மாணவர் எழுதும் விடையும் பழையதே. நாட்டுப்புறம் என்றவுடன் வயலும் ஏரும் ஆற்றங்கரையும், நகரம் என்றவுடன் புகையும் நெரிசலும் ஏட்டில் ஏறிவிடுகின்றன. எழுதும் மாணவனோ இவ்விரண்டிலும் வாழ்பவன் அல்லன். அவன் குடியிருப்பது தாமான் எனப்படும் புறநகர் வீடமைப்புப் பகுதி. அவனுடைய பாட்டனார் வாழ்ந்தது ரப்பர்த் தோட்டம். எனவே, இவ்வினாவை நம் மண்ணுக்கு உரியதாக மாற்றிக் கேட்டால் எத்தகைய விடை கிடைக்கும் என்பதனை மலேசியத் தமிழ்ப் புனைகதைகளின் வழியாகவும் மலாக்கா மாநிலத்தின் தங்கா பத்து வட்டாரத்தை முன்னிறுத்தியும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மலாக்காத் தமிழரின் தனிநிலை

மலாயாத் தமிழர் வரலாற்றைத் தோட்டத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கு. மலாக்காவைப் பொறுத்தவரை இவ்வழக்கு பொருந்துவதில்லை. இங்குத் தமிழர் முதலில் நகரவாணராகவே அறியப்பட்டனர். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த போர்த்துகீசியர் தோமே பிரஸ், இத்துறைமுகத்தில் தென்னிந்திய வணிகர் பெற்றிருந்த செல்வாக்கினைப் பதிவு செய்துள்ளார். 1511-இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், நினா சத்து என்னும் வணிகரைப் பெண்டாகாரா பதவியில் அமர்த்தினர். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் நகரின் நடுவே நிற்கின்றது. அவ்வணிக மரபினரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பேராங் பகுதியில் வாழ்ந்துவருகின்றனர்.

தோட்டம் இதற்கு மிகப் பிந்தியது. நாட்டின் முதல் வணிக முறை ரப்பர்ப் பயிரீடு, 1890-களின் நடுப்பகுதியில் தான் சே யான் என்பவரால் இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கப்பெற்றது. ஆகவே மலாக்காவில் தமிழரின் நகர நினைவு ஐந்து நூற்றாண்டு முதுமை உடையது. தோட்ட நினைவோ ஒரு நூற்றாண்டினைச் சற்றே கடந்தது. எனினும் ‘நம்ம ஊர்’ என்று நம் மக்கள் சொல்லும்போது அவர்தம் நெஞ்சில் எழுவது துறைமுக நகரமன்று, தோட்டமே. வந்தேறிய நிலம் ஒன்று மூன்றே தலைமுறையில் பூர்வீகமாகிவிட்ட இவ்விந்தை இலக்கிய ஆய்வாளர் கருதத்தக்கது.

தங்கா பத்து இதனைக் காண ஏற்ற இடம். கற்படி என மலாயில் பொருள்தரும் பெயருடைய இவ்வட்டாரம் மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலோரமாக அமைந்துள்ளது. ஒருபுறம், தென்னிந்தியரைக் குறித்த பழைய மலாய்ச் சொல்லைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் தஞ்சோங் கிளிங்; மறுபுறம், தெரெண்டாக் இராணுவ முகாமும் 1990-களில் இயங்கத் தொடங்கிய பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்த சுங்கை ஊடாங்; உட்பகுதியில், தமிழ்ப்பள்ளி உடைய பாயா ரும்புட். மலாய்க் கம்பமும் தோட்ட நிலமும் ஆலையும் தாமானும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய வட்டாரத்தில் நகரம், நாட்டுப்புறம் என்னும் இரட்டைப் பகுப்பு நிலைகொள்வதில்லை.

தோட்டம்: இடமா, ஏற்பாடா?

தோட்டத்தை நாட்டுப்புறம் என்றே கொள்வதில் ஒரு மயக்கம் உண்டு. தமிழகத்துச் சிற்றூரில் ஏழை உழவனுக்கும் குடிசை அடிமனையில் ஏதோ ஓர் உரிமை இருந்தது. தோட்டத்து லயத்தில் அது இல்லை. வீடு நிருவாகத்தின் உடைமை. வேலை நீங்கினால் வீடும் நீங்கும். பெரட்டுக்கு அடிக்கும் மணி, நிரை பிரித்துக் கொடுக்கும் தண்டல், கணக்கெழுதும் கிராணி, மேட்டு பங்களாவில் துரை, தாழ்வில் லயம், ஓரத்தில் கள்ளுக்கடை எனத் தோட்டம் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கினையே பெற்றிருந்தது. மரங்கள் சூழ்ந்திருந்தமையால் மட்டும் அது சிற்றூராகிவிடவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி போகோன்னியே சிலாங்கூரில் தோட்ட முதலாளியாக இருந்தவர். அவர் எழுதி 1930-இல் கொங்கூர் பரிசு பெற்ற ‘மலேசியா’ என்னும் நாவல், தோட்டத்தை நாகரிகத்தின் இரைச்சலிலிருந்து விடுபட்ட தனிமை வெளியாகக் காண்கின்றது. அதே காலத் தோட்டம், கா. பெருமாளின் புதினத்தில் தலைப்பாலேயே ‘துயரப் பாதை’ ஆகின்றது. நிலம் ஒன்றே, நோக்கும் மேடு வேறு. வாழிட விருப்பம் நிலத்தின் இயல்பால் மட்டும் அமைவதன்று, அந்நிலத்தில் ஒருவர் எந்த வீட்டில் வாழ்ந்தார் என்பதாலும் அமைவது என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்றாகும்.

புனைகதையின் மூன்று நோக்குகள்

மலேசியத் தமிழ்ப் புனைகதை தோட்டத்தை நோக்கிய முறையினை மூன்று நிலைகளாக வகுத்துக் காணலாம்.

முதல் நிலையில் தோட்டம் விடுபட வேண்டிய இடம். ‘துயரப் பாதை’யையும், 1971-இல் வெளிவந்த எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ புதினத்தையும் இவ்வகையில் வைத்து எண்ணலாம். தோட்டத்து ஏழ்மையைச் சொல்லும் இக்கதைகளில் வெளியுலகம் ஒரு நம்பிக்கையாக நிற்கின்றது.

இரண்டாம் நிலையில் நகரம் வாழிடமாகவே ஏற்கப்படுகின்றது. ரெ. கார்த்திகேசுவின் புதினங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறையும் அவர் கதைக்களங்கள். நகரத்தை வெறுக்காமலும் வியக்காமலும் எழுதியது அவருடைய தனிச்சிறப்பு.

மூன்றாம் நிலை, தோட்டங்கள் அழிந்த பின் எழுந்தது. 1950-களிலும் 1960-களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், அதனை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தனார் 1960-இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் நாமறிந்தவை. 1980-களுக்குப் பின் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்குமாகத் தோட்டங்கள் மாற்றப்பட்டபோது இடப்பெயர்வு மேலும் விரைந்தது. 1970-இல் இந்நாட்டு இந்தியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். 2000-இல் ஐந்தில் நான்கு பங்கினர் நகர்ப்புறத்தவராயினர். ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றம் இது. இதன்பின் எழுதப்பட்ட கதைகளிலும் கவிதைகளிலும் தோட்டம் இழந்த தாயகமாக ஒளிபெறத் தொடங்கியது. முன்னர் இருட்டாகச் சொல்லப்பட்ட அதே லயம் இப்போது உறவின் நிழலாகச் சொல்லப்படுகின்றது.

ஆங்கிலத் திறனாய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் வெளியிட்ட நாட்டுப்புறமும் நகரமும் பற்றிய நூலில், ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முந்திய காலத்து நாட்டுப்புறத்தையே பொற்காலமாகக் கருதியமையை எடுத்துக்காட்டுவார். நம் நிலையும் அதுவே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் பொற்காலமாக்கப்பட்டது சிற்றூர். இங்கோ, வெளியேறத் துடித்த ஒரு கட்டுக்காவல் ஏற்பாடே பொற்காலமாக்கப்படுகின்றது. இது ஏன் என்பது வினா. மக்கள் ஏங்குவது லயத்துக்கன்று. லயத்தில் கிட்டிய கூட்டு வாழ்வுக்கு. மாரியம்மன் திருவிழா, தீமிதி, ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஆகியவை தாமானில் கிடைக்கவில்லை. ஏக்கம் உண்மையானது, அதன் முகவரியே பிழைபட எழுதப்படுகின்றது. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’, ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019) முதலிய புதினங்கள் இம்மெருகினை ஏற்காமல் தோட்டத்தின் கொடுமையையும் உயிர்ப்பையும் ஒருங்கே சொல்வதால் தனித்து நிற்கின்றன.

திணைக் கோட்பாட்டின் வெளிச்சம்

தோட்டத்தைப் பாடுவோர் மிகப் பலர். தாமானைப் பாடுவோர் ஏன் அருகினர்? தொல்காப்பியத் திணைக் கோட்பாட்டினைக் கொண்டு இதற்கு விளக்கம் காணலாம். தோட்டத்துக்கு முதற்பொருளும் கருப்பொருளும் நிறைவாக உள்ளன. வைகறை அதன் பொழுது. ரப்பர் அதன் மரம். பால்வெட்டு அதன் தொழில். முனியாண்டியும் மாரியம்மனும் அதன் தெய்வங்கள். திருவிழாத் தப்பு அதன் பறை. எழுத்தாளன் கைநீட்டினால் கிடைக்கும் பொருள்கள் இவை. தாமானிலோ வீடுகள் ஒரே வார்ப்பு. பொழுது ஆலை முறைமாற்றத்தால் சிதறியது. பறவையும் மரமும் பெயரளவில் தெருப்பலகையில் நிற்கின்றன. கருப்பொருள் இல்லாத நிலத்தில் இலக்கியம் பிறவாது என்று கருதிவிடத் தோன்றும்.

ஆனால் தமிழ் மரபு இதற்கும் இடம் வைத்துள்ளது. பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் உரைக்கும். அதன் உரிப்பொருள் பிரிவு. நம் தாமானும் தனக்கென நிலமின்றி, தோட்டம் திரிந்தும் நகரம் நீண்டும் உருவானது; அங்கு வாழ்வோரின் உணர்வும் பிரிவே. பட்டினப்பாலையையும் இங்கு நினைக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை நெடுகப் பாடியபின், அப்பட்டினத்தையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் செலவு தவிர்கின்றான். நகரின் சிறப்பை மறுக்காமலே, உறவு அதனினும் சிறந்தது என்னும் நுண்மை அப்பாட்டில் உள்ளது. நகரமா நாட்டுப்புறமா என எதிர்நிறுத்தும் நம் கட்டுரைத் தலைப்பில் இந்நுண்மை இல்லை. ஆகவே, தாமானைப் புதுப்பாலையாகக் கருதி எழுதுவதற்கு நம் மரபிலேயே வாயில் திறந்துள்ளது எனலாம்.

மொழியும் வாழிடமும்

தமிழாசிரியர்க்கு இவ்வாய்வில் நேரடியான தொடர்பு உண்டு. நகரம் சென்றால் தமிழ் அழியும், தோட்டமே தமிழைக் காத்தது என்னும் கருத்து நம்மிடையே வலுவாக உள்ளது. மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவர். அச்சான்றினைச் சற்று நின்று நோக்கவேண்டும். தாயகத் தொடர்பு அறுந்ததும், மலாய்ப் பெண்டிரோடு மணவுறவு கொண்டதும், துறைமுகத்தின் பொதுமொழி மலாயாக இருந்ததும், மொழியைக் கற்பிக்கப் பள்ளி இல்லாமற்போனதும் அவர்தம் மொழியிழப்புக்குக் காரணங்களாகும். சமயத்தைக் காக்கக் கோயில் இருந்தது, சமயம் நிலைத்தது. மொழியைக் காக்கப் பள்ளி இல்லை, மொழி நிலைக்கவில்லை. குற்றம் நகரத்தின் மேலதன்று.

தோட்டம் தமிழைக் காத்ததும் தன் இயல்பாலன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தவேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. அப்பள்ளிகளும் பல இடங்களில் ஓரறைக் கொட்டகைகளே. விடுதலை பெற்ற 1957-இல் 888-ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் 2000-ஆம் ஆண்டுகளில் 520-ஐச் சற்றே கடந்த அளவுக்குக் குறைந்தன. தோட்டம் மறைய, அதனோடு கட்டுண்ட பள்ளிகளும் மறைந்தன. இடம்பெயர்ந்து தாமானுக்கு வந்த பள்ளிகள் சிலவற்றின் பெயரில் ‘தோட்டம்’ என்னும் சொல் மட்டும் இன்றும் எஞ்சியுள்ளது. அச்சொல்லைப் பழம்பெருமையாகக் காப்பதைவிட, பள்ளி வந்து சேர்ந்த இடத்தில் பிள்ளைகளை நிறைப்பதே மொழிக்கு உறுதி தரும்.

புறநகர் தந்தவற்றையும் மறைத்தல் முறையன்று. பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் பகுதிகளில் தடையற்ற வணிக வளாகங்கள் தோன்றியபின் தோட்டத்துப் பெண்டிர் பலர் ஆலைப் பேருந்தேறினர். மாதச் சம்பளத்தைத் தம் பெயரிலேயே பெற்றனர். இடைநிலைப்பள்ளி அருகில் வந்தது. கடன் பட்டேனும் சொந்த வீடு வாய்த்தது. தண்டலின் குரலுக்கு அஞ்சாத காலை ஒன்று கிடைத்தது. இவற்றையும் எடைபோடாமல் தோட்டமே மேல் எனத் தீர்ப்பிடும் கதை, அங்கு முதுகு வளைந்தோரின் சான்றினைத் தள்ளிவிடுகின்றது. அதேபோல், இழப்பீடு போதாமல் வெளியேற்றப்பட்டுப் புறம்போக்கு நிலத்தில் ஒதுங்கியோரை மறந்து நகரமே மேல் எனத் தீர்ப்பிடுவதும் நேர்மையன்று. தோட்ட மக்களுட் பெரும்பாலோர்க்கு வாழிடம் தேர்வாக அமையவில்லை. தோட்டத்துக்கு வந்ததும் கங்காணி வழி, தோட்டத்தை விட்டதும் நிருவாகத்தின் அறிவிப்பு வழி. தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாதவர் முன் ‘எது சிறந்தது’ எனக் கேட்பதே வினாவின் குறை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மலேசியத் தமிழ்ப் புனைகதையில் தோட்டம் ஒரு காலத்தில் துயராகவும் பின்னொரு காலத்தில் தாயகமாகவும் மாறியது நிலத்தின் மாற்றத்தாலன்று, எழுதுவோர் நின்ற இடத்தின் மாற்றத்தால் என்பது புலனாகின்றது. நம் மக்களுட் பெரும்பாலோர் இன்று வாழும் புறநகரோ இன்னும் தன் புதினத்தைப் பெறவில்லை. வகுப்பறையில் அவ்வினாவையே சற்று மாற்றிக் கொடுக்கலாம்: ‘உன் பாட்டனார் எந்த வீட்டை விட்டு, எதனால், எந்த வீட்டுக்கு வந்தார்?’ தங்கா பத்தில் வாழும் மாணவன் இதற்கு விடை எழுத வயலையும் ஏரையும் கடன் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டாலே போதும். அவ்விடைகள் திரண்டால், கருப்பொருள் அற்றதாக நாம் எண்ணிய நிலத்துக்கும் கருப்பொருள் கிட்டும்.