பறவைகளின் வழக்கு

2018 நவம்பர் 29 அன்று வெளிவந்த '2.0' திரைப்படத்தைப் பற்றி, மேல்பட்டாம்பாக்கத்தில் நம் வீட்டு இளைஞர்கள் இன்றும் இரு கட்சியாகவே நிற்கின்றனர். 2010இல் வந்த 'எந்திர'னின் நகைச்சுவையும் விறுவிறுப்பும் இதில் இல்லை என்பது ஒரு சாராரின் குறை. குறை உண்மையே, சுஜாதாவின் குறும்பு இல்லாத வெறுமை வசனத்தில் தெரிகிறது. ஆயினும் நாம் இரண்டாம் பாகத்தின் பக்கமே நிற்கிறோம்.

முதற்படத்தில் எந்திரத்தின் சீற்றம் ஒரு பெண்ணை முன்னிட்டது. இதில் பக்ஷிராஜன் என்னும் முதியவரின் சீற்றமோ மடிந்த சிட்டுக்குருவிகளை முன்னிட்டது. அக்ஷய்குமார் ஏற்ற அத்தோற்றம் பறவையியல் அறிஞர் சாலிம் அலியை நினைவூட்டுவது. அவர் முறையிடுகிறார், மன்றாடுகிறார். எவரும் செவிகொடாதபோது கைப்பேசிக் கோபுரத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார்.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவின் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் அரபியில் எழுதிய நிருபம் ஒன்றில், விலங்குகளும் பறவைகளும் ஜின்களின் அரசன் முன் மனிதன்மேல் வழக்குத் தொடுக்கின்றன. தீர்ப்பு மனிதன் பக்கமே சாய்கிறது. எனினும் வாதிகள் நெடுகப் பேச விடப்படுகின்றனர். ஷங்கரின் படத்திலோ பறவைகளின் வக்கீல் பாதிப் பேச்சிலேயே பேயாக்கப்படுகிறார். அவரை அடக்கப் புறாக்களின்மீதே குட்டி எந்திரங்களை ஏற்றி அனுப்புவது நமக்கு உவப்பாயில்லை.

அலைக்கதிரால் குருவிகள் அழிந்தன என்பது அறிவியல் நிறுவாத கூற்று. கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டதும் அதனாலேயே. கூடு கட்ட ஓட்டுவீட்டு இடுக்கும், குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் அருகிப்போனதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் படம் முடிந்தபின் நம் இளைய மகள் எந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அத்தா, நம்ம வீட்டுக் குருவியெல்லாம் எங்கே போச்சு?" என்றுதான் கேட்டாள்.