ஓட்டின் கோலமும் மண்ணின் குணமும்

எந்தக் கோலத்தையும் எந்தப் பொருளின்மேலும் ஏற்றிவிடலாம் என்பது இக்காலத்தார் எண்ணம். இது பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

மலாக்காவில் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசலையும், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலையும் சூழ்ந்த வீதிகளில் பழைய கடைவீடுகள் பல உண்டு. அவற்றின் சுவரில் பதிந்த பூவோடுகளைத் தடவிப் பார்த்தால், இதழின் விளிம்பு மேலெழுந்து நிற்பது புலனாகும். அது வெறும் அழகன்று. சூளையில் உருகும் நிறப்பூச்சுகள் ஒன்றோடொன்று கலவாதபடி காக்கும் வரப்பு. இவை எந்திரத்தில் அழுத்தி வார்த்தவையே. எனினும் கோலம் தொழிலின் தேவையிலிருந்து பிறந்தது.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லைச் சிலர் சுட்ட மண்ணோடு என்பர். அது பிழை. கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சு வைத்து, நிறக்குழம்பு ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு நீரில் ஊறவைப்பது அது, சூளை காணாதது. அதன் பளபளப்பு கண்ணாடி தந்தது.

கையால் செய்யும் மண்ணோட்டின் இயல்பு வேறு. மண் உலரும்போது சுருங்கும். ஈரம் பாதி வற்றிய பதத்தில் அச்சோ கீறலோ இட்டால் நிலைக்கும். முற்றும் காய்ந்தபின் களிமண் குழம்பு பூசினால் உரிந்துவிடும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த மட்கலத் துண்டில் பெண்ணும் நெற்கதிரும் கொக்கும் மானும் ஒட்டுருவாக அமைந்திருத்தல் காண்க. மண்மேல் மண்ணையே ஈரத்தோடு ஒட்டிய அக்கைவினைஞர், இரண்டும் ஒருசேரச் சுருங்கும் என அறிந்தவர் அல்லரோ?

இன்று தொழிற்சாலை ஓடுகளில் ஆத்தங்குடிக் கோலத்தை அப்படியே அச்சடித்து விற்கின்றனர். விலை மலிவு, கழுவ எளிது, குறை கூறுவதற்கில்லை. ஆயின் அதில் கோலம் உண்டு, காரணம் இல்லை. மரத்தின் வரியையும் அதே எந்திரம் அதே ஓட்டில் அச்சடிக்கும்.

கைத்தொழில் வகுப்பிலும் இக்குறையே புகுந்துள்ளது. படத்தைப் பார்த்து ஓட்டில் வரையச் சொல்வது சித்திரப் பயிற்சியே, மண் பயிற்சியாகாது. ஒரே மண்ணில் நான்கு ஓடுகள் செய்து, நான்கு பதங்களில் ஒரே அச்சினைப் பதித்து, எது வெடித்தது, எது நிலைத்தது என்று மாணவர் குறித்து வைப்பாராயின், அதுவே ஆராய்ச்சி. வெடித்த ஓடும் அங்கே பாடம் சொல்லும்.

கோலத்தைப் படியெடுப்பவன் ஒரு கோலத்தைப் பெறுகிறான். மண்ணின் பதம் அறிந்தவன் புதிய கோலம் படைக்கிறான்.