பெருக்கமரமும் 135,135 மரங்களும்

மன்னாரின் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள். சுற்றளவு ஏறக்குறைய 19.5 மீட்டர் என்கிறார்கள். உயரமோ ஏழரை மீட்டர்தான். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது மன்னாரில் வழங்கும் கதை. இந்தியாவில் நிற்கும் பெருக்கமரங்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, ஆபிரிக்காவிலிருந்து அவை ஒரு தடவையல்ல, பல தடவை வந்திறங்கின என்றது.

எனக்கு இந்த மரத்தைவிட அதன் வம்ச மரத்தில் மோகம் அதிகம். பெருக்கமரத்தில் எட்டு இனங்கள் உண்டு. ஆபிரிக்காவில் ஒன்று, மன்னாரில் நிற்பது அதுதான். மடகஸ்காரில் ஆறு, அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் ஒன்று. எட்டையும் வைத்து யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று வரைந்தால் 135,135 விதமாக வரையலாம். டிஎன்ஏயைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். கடைசியில் நாலைந்து வரைபடங்கள் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கும். அவற்றுள் எதை விடுவது, எதை வைத்திருப்பது? இங்கேதான் நான் ரசிக்கும் கைவேலை தொடங்குகிறது.

இதைக் கடற்கரையில் வைத்துச் சொல்வது எளிது. இரண்டு வள்ளங்களின் பெயரைப் பருவம் தொடங்குமுன்பே சொல்லிவிடுகிறோம். பருவம் முழுக்க, நாளுக்கு நாள் இரண்டின் மீன்பாட்டு வித்தியாசத்தைக் குறிக்கிறோம். மொத்த வித்தியாசம் பெரிதா என்பதை, அந்த வித்தியாசம் அன்றாடம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே தீர்மானிக்கும். கிஷினோ, ஹசெகாவா என்ற ஆய்வாளர்கள் 1989இல் செய்தது இதுதான். வள்ளத்துக்குப் பதில் வம்ச மரம். நாளுக்குப் பதில் டிஎன்ஏயின் ஒவ்வோர் இடம். மீன்பாட்டுக்குப் பதில், அந்த இடத்து எழுத்துகளை அந்த மரம் எவ்வளவு நன்றாக விளக்குகிறது என்ற மதிப்பு. அடுத்த வருடம் மியாதாவையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு சிக்கனம் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்கை முதலிலிருந்து போடாமல், ஏற்கெனவே கிடைத்த இட மதிப்புகளையே குலுக்கி எடுத்துக் கூட்டுவது. அன்றைய கணினிகளுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் மனிதர் செய்வது வேறு. இருபது வள்ளமும் கரை சேர்ந்தபின் அதிகம் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "நான் நினைத்தது இதைத்தான்" என்று ஒப்பிடத் தொடங்குவார்கள். வென்றதைத் தேடி எடுத்தபின் அது வெல்வதில் என்ன அதிசயம்? அந்தப் பருவத்தின் அதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கும். பத்து வருடம் வம்ச மரக்காரர்கள் இந்தத் தவறைச் செய்துகொண்டே இருந்தார்கள். கோல்ட்மன், ஆண்டர்சன், ரொட்ரிகோ மூவரும் 2000இல் அதை விரிவாகப் போட்டு உடைத்தார்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்பே ஷிமோடைராவும் ஹசெகாவாவும் ஒரு பரிகாரம் தந்திருந்தார்கள். பட்டியலில் எத்தனை வள்ளம் இருக்கிறதோ அதற்கேற்பத் தீர்ப்பைக் கடினமாக்குவது. நேர்மையான வழி, ஆனால் கோழைத்தனமும் கொஞ்சம் உண்டு. பட்டியலில் ஓட்டை வள்ளங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் எதையுமே தள்ள முடியாமல் போகும்.

2002இல் ஷிமோடைரா தனியாக எழுதியதை நான் கச்சேரி கேட்பதுபோல் வாசிப்பேன். பருவத்தின் நாட்களைக் குலுக்கி எடுத்துப் போலிப் பருவங்கள் செய்து, அவற்றில் எத்தனையில் ஒரு வள்ளம் வெல்கிறது என்று எண்ணுவது பழைய பூட்ஸ்ட்ராப் முறை. அந்த எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்ந்தது; வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவிலுள்ள எல்லை நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதுதான் காரணம். அந்த வளைவைப் பார்க்க வழியில்லை. ஷிமோடைரா பருவத்தின் நீளத்தையே மாற்றினார்: பாதிப் பருவம், முக்கால் பருவம், ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு நீளத்திலும் பத்தாயிரம் தடவை குலுக்கி, வெற்றி விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். எல்லை நேராக இருந்தால் ஒரு விதமாக மாறும், வளைந்திருந்தால் வேறு விதமாக. அந்த மாற்றத்திலிருந்து எல்லைக்கு எவ்வளவு தூரம், வளைவு எவ்வளவு என்ற இரண்டு எண்களைப் பிரித்தெடுத்தார். பிறகு தூரத்திலிருந்து வளைவைக் கழித்தார். இருட்டில் கரை தெரியாதவன் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே போய், கரையின் வடிவத்தைச் சொல்லிவிடுவதுபோல. சாய்வு முழுக்க நீங்கியது என்று அவர் சொல்லவில்லை. சோதனையின் பெயரிலேயே "ஏறக்குறைய" என்று போட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்தச் சோதனையில் தப்பிய மரம் உண்மையான மரம் என்று ஆகிவிடாது. தள்ள முடியவில்லை என்பதோடு சரி. இதைச் சொல்லாமல் விடும் ஆய்வுகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

2024இல் 'நேச்சர்' இதழில் எட்டு இனங்களின் முழு மரபணுத்தொகுதிகளும் வந்தன. பொது மூதாதை மடகஸ்காரில் இருந்தது, 2 கோடி ஆண்டுக்கும் சற்று முன்பு என்றது அந்த ஆய்வு. அங்கிருந்து ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விதைகள் கடல்மேல் போயின. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. மரபணுத்தொகுதியின் வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு வம்ச மரங்களைக் காட்டுகின்றன. பிரிந்த கிளைகள் பழங்காலத்தில் மறுபடி கலந்திருக்கின்றன. எந்த மரம் சரி என்று கேட்டுப் பழகிய சோதனைகளின் முன்னால் செடி ஒரு வலையை விரித்து வைத்துவிட்டது.

பெரிய பெருக்கமரங்களின் அடித்தண்டே பல தண்டுகள் ஒட்டி ஒன்றானது என்று கதிரியக்கக் கரிமக் கணிப்புகள் காட்டியிருக்கின்றன. பள்ளிமுனையில் அந்த மடிப்புகளில் விரலை ஓட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். எங்கே ஒன்று முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவையும் வேறு வேறு எண்தான் வந்தது.