இசை நாடக நடிகர் பயிற்சியில் மொழியின் இடம்

புணே நகரின் கட்கிப் பகுதியை அடுத்த கணேஷ்கிண்டில் 1949-இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் உள்ளது. அதன் லலித் கலா கேந்திரத்தில் இசை, நடனம், நாடகம் ஆகியன குரு-சீட முறையில் கற்பிக்கப்படுகின்றன. மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பினும் அவை தனித்தனிப் பாடப்பிரிவுகளே. குரல், மெய்ப்பாடு, ஆடல் மூன்றையும் ஒரே நடிகரிடம் வேண்டும் இசை நாடகத்திற்கு இப்பகுப்பு போதுமா என்னும் வினா, அக்கலை வேரூன்றிய நகரத்திலேயே எழுவது இயல்பு. இவ்வினாவை ஆராய்வோர் பெரும்பாலும் மூன்றையும் இணைப்பது பற்றியே பேசுகின்றனர். நான்காவதாகிய மொழிப் பயிற்சி கருதப்படுவதில்லை.

கிர்லோஸ்கரின் ‘சங்கீத் சாகுந்தல்’ 1880 அக்டோபர் 31-இல் புணேயில் மேடையேறியது. காளிதாசனை மராத்தியில் தந்த அவர், வழக்கிலிருந்த மெட்டுகளுக்கேற்பச் சொற்களை அமைத்தார். கன்னட மெட்டுகளும் அவற்றுள் அடங்கும். எனவே மராத்தி இசை நாடகம் தொடக்கத்திலேயே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலுக்குக் கண்ட விடை எனலாம். பின்னர் வந்த பால கந்தர்வர் (1888–1967) பாஸ்கர்புவா பக்லேயிடம் இசை பயின்றவர். பக்லே மெட்டமைத்த ‘சுயம்வர்’ (1916) நாடகப் பாடல்களில் அவருடைய குரல் சொல்லைக் கைவிடாமல் சுரத்தில் இயங்கியது. 1972-இல் புணேயில் அரங்கேறிய ‘காசிராம் கோத்வால்’ வேறு வகையினது. அதில் வரிசையாக நின்று அசையும் அந்தணர் கூட்டமே திரையாகவும் பாடுநராகவும் அமைகிறது. தனிப் பாடகரின் தேர்ச்சி அங்குப் பயன்படாது. அசைவும் மூச்சும் சொல்லும் ஒன்றியாக வேண்டும்.

இம்முறைகளைத் தமிழ் மேடைக்குக் கொணர விழைவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மராத்தியில் இகர உகரங்களின் குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் நின்றாலும் இன்றைய பேச்சில் பொருளை வேறுபடுத்துவதில்லை. அகர ஆகாரங்களோ அளவால் மட்டுமன்றி ஒலித்தன்மையாலும் வேறுபடுகின்றன. ஆகவே மெட்டு உயிரை நீட்டினாலும் சொல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. தமிழிலோ குறில் நெடில் வேறுபாடு பெரிதும் மாத்திரை அளவையே சார்ந்தது. ‘பலர் வந்தார்’ என்பதன் முதலசையை நீட்டினால் பாலர் வந்துவிடுகின்றனர், ‘விடு’ வீடாகிறது. இது பாடகரின் கவனக்குறைவு மட்டுமன்று. மெட்டின் நீளும் இடத்தில் குற்றுயிரை வைத்த மொழிபெயர்ப்பாளரும் இதற்குப் பொறுப்பாவார்.

தமிழ் இலக்கணம் இதற்குக் கருவி தராமல் இல்லை. நன்னூல் கூறும் ஒற்றளபெடையில் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்து மெய்களும் ஆய்தமும் அளபெடுக்கும். ‘கண்’ என்பதன் அகரத்தை நீட்டினால் ‘காண்’ ஆகும். ணகரத்தில் நின்று ஒலித்தால் கண் கண்ணாகவே இருக்கும். யாப்பிற்குரியதாக மட்டும் கற்பிக்கப்படும் இந்நூற்பா உண்மையில் ஒரு குரற்பயிற்சிக் குறிப்பாகும். (ழகரம் இப்பட்டியலில் இல்லை. இன்றைய பாடகர் அதனை நீட்டுவது செவிக்கு உறுத்தவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.)

ஆடல் சேரும்போது சிக்கல் பெருகுகிறது. அடவின் வேகத்தில் ஆடுநர் மூச்சு வாங்கும் இடமும் சொல்லின் எல்லையும் ஒத்திருக்க வேண்டும். ‘அம்பலத்தாடி’ என்பதை இடையில் முறித்தால் இறைவன் மறைந்து தாடி மட்டுமே அவையினர்க்குக் கேட்கும். எள்ளலுக்குரியதாகத் தோன்றினும், புணர்ச்சி மிகுந்த மொழியில் இஃது அன்றாட இடர். சொற்பிரிப்பை ஆடலாசிரியர் அறியாவிடின் ஒத்திகையில் இதனைத் திருத்துவார் யாருமில்லை.

முன்னைய மரபு இவ்வாறு விட்டுவிடவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவியின் ஏழாண்டுப் பயிற்சியைக் கூறி, ஆடலாசிரியன், இசையாசிரியன் ஆகியோரின் வரிசையில் பாடல் இயற்றும் புலவனின் இலக்கணத்தையும் வைக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாலர் குழுக்களைப் பயிற்றியபோது பாடலை எழுதியவரே அதனைக் கற்பித்தார். எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை அறிந்த ஆசிரியர் ஒருவரே இருந்தார். அம்முறையின் கண்டிப்பும் சிறுவர் உழைப்பும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. ஆயினும் அப்புலவரின் இருக்கை இன்றைய உயர்நிலைப் பாடத்திட்டங்களில் வெறுமையாகவே உள்ளது. அதில் அமரத் தகுதியுடையோர் ஒலியியல் பயின்ற மொழிபெயர்ப்பாளர்களே. அவர்கள் பனுவலை ஒப்படைத்தபின் ஒத்திகைக்கு அழைக்கப்படுவதே அரிது.